பதினான்காம் பெட்டி

ஜூன் 9, திங்கள்

காலையில் முதல் வேலையாகக் காப்பக அறையின் ஈரம் உறிஞ்சும் மெஷினில் சேர்ந்திருந்த தண்ணீரைக் கொட்டினேன். சனி, ஞாயிறு விடுமுறையில் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. இந்த மலையில் ஜூன் மாதக் காற்றைத் துணி மாதிரிப் பிழியலாம். பிறகு ஒவ்வொரு பெட்டியின் மூடியையும் திறந்து மோந்து பார்த்தேன். பூஞ்சை பிடித்தால் கண்ணைவிட மூக்குக்குத்தான் முதலில் தெரியும். எல்லாப் பெட்டிகளும் நன்றாக இருக்கின்றன.

நான்கு வருடத்துக்கு முன்பு இது உடைந்த நாற்காலிகளைப் போடும் அறை. இன்று, நூலகரான என் பொறுப்பில், கல்லூரி நூலகத்தின் ஆவணக் காப்பகம். சுற்றுவட்டாரக் குடும்பங்கள் பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் வைத்திருந்த கடிதங்கள், பாஸ்போர்ட்டுகள், சம்பளச் சீட்டுகள், கல்யாணப் படங்கள் எல்லாம் இங்கே அமிலமில்லாத உறைக்குள் படுத்திருக்கின்றன. போன மாதம் சென்னையிலிருந்து வந்த ஆய்வு மாணவி கேட்ட தாளை, நான் எழுந்து நடந்து எடுத்துக் கொடுப்பதற்குள் அவள் பையிலிருந்து பென்சிலைக்கூட எடுத்திருக்கவில்லை. "எங்க யுனிவர்சிட்டியில இதுக்கு ஒரு வாரம் ஆகும் மேடம்" என்றாள். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது மழை பெய்ததே எனக்குத் தெரியவில்லை.

பிரின்சிபால் வசந்தமாலா மேடம் இன்று தேதி சொல்லிவிட்டார். ஜூலை நான்காம் தேதி எங்கள் முதல் கண்காட்சி. கண்ணாடிப் பேழை ஒன்றே ஒன்றுதான் வந்திருக்கிறது. "உள்ள எதை வைக்கலாம்னு நீங்களே முடிவு பண்ணுங்க மங்களேஸ்வரி. உங்களுக்குத் தெரியாததா?"

யோசிக்கவே இல்லை. பதினான்காம் பெட்டி.


ஜூன் 10, செவ்வாய்

மழை. நாள் முழுக்கப் பழைய குண்டூசிகளைக் கழற்றினேன். சோறு உண்ணும்போதும் விரலில் துரு வாசனை.


ஜூன் 12, வியாழன்

பேழைக்கான குறிப்பை எழுதி முடித்தேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. அப்படி வந்த ஒரு குடும்பத்துக்கு 1974இல் கண்டியில் வழங்கப்பட்ட குடும்ப அட்டை இது. இந்தியாவில் அவர்கள் யார் என்பதற்கு இருந்த ஒரே சான்று."

அட்டை மடிப்பில்லாத தடித்த தாள். ஒரு பக்கம் குடும்பப் படமும் முத்திரையும். மறுபக்கம் பெயர்களும் வயதும். பேழையில் ஒரு பக்கம்தான் தெரியும். படம் இருக்கும் பக்கத்தை மேலே வைத்தேன். பார்ப்பவர்களை நிறுத்துவது முகங்கள்தானே.

நூலக உதவியாளர் பெள்ளிராஜ் பேழையின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். பக்கத்துப் படுகர் ஊர்க்காரன். வாய் ஓயாது, ஆனால் கை சுத்தம்.

"மூலையெல்லாம் மஞ்சக் கறை மேடம். தொடச்சிரலாமா?"

"தொடக்கூடாது. பொங்கலுக்குப் பொங்கல் அட்டைக்கு மஞ்சள் வெச்சிருக்காங்க. அதுவும் ஆவணம்தான்."

"கார்டுக்கு மஞ்சளா! இந்த சிலோன்காரங்க வீட்ல அரிசி இருக்கோ இல்லையோ மேடம், பேப்பர் பொட்டி மட்டும் கண்டிப்பா இருக்கும்." சிரித்தான். நானும் சிரித்தேன். "அது சரி, கொடுத்தவங்க பேரு எடத்துல ஒண்ணுமே எழுதல?"

"பேரு வேண்டாம்னுட்டாங்க."

கொடுப்பவர் பெயர் வேண்டாம் என்றால் எழுதக்கூடாது. அது விதி. விதிகளை எழுதியவள் நான். இந்தப் பெட்டியைக் கொடுத்தவளும் நான்தான் என்பதால் விதி மாறிவிடாது.


ஜூன் 15, ஞாயிறு

அம்மாவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். கல்லூரிக் குடியிருப்பிலிருந்து பஸ்ஸில் அரை மணி, பிறகு தேயிலைக்கு நடுவே ஏற்றம். கல்லூரி ஆசிரியைகள் "ஒருநாள் உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்களேன்" என்று கேட்டதுண்டு. இந்தப் பாதையில் மழைக்காலத்தில் சேறு, கோடையில் காட்டெருமை. யாரைக் கூட்டி வருவது? சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். துறையூர் என்பேன். பொய் இல்லை. என் அப்பாவின் பாட்டனார் துறையூர்ப் பக்கமிருந்துதான் கப்பலேறினார்.

லயம் அப்படியேதான் இருக்கிறது. ஒரே கூரையின் கீழே வரிசையாக எட்டு வீடு. எங்களுடையது கடைசி. அண்ணன் தியாகு தோட்டத்து லாரி ஓட்டுகிறான். அண்ணி கொழுந்து பறிக்கப் போகிறாள். அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. முட்டி வலி என்று சொல்லிக்கொண்டே எனக்காகச் சேப்பங்கிழங்கு தோண்டிக்கொண்டு வந்தாள்.

ஜனவரியில் கூரை ஒழுகியபோது, "தாளையெல்லாம் எங்கிட்ட குடு, காலேஜ்ல பத்திரமா இருக்கும்" என்று நான்தான் கேட்டேன். அம்மா மறுநாள் பெட்டியைத் துடைத்து, பொட்டு வைத்து, என் மடியில் வைத்தாள். பெண்ணைக் கட்டிக்கொடுப்பது மாதிரி.

இன்று பேழையைப் பற்றிச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"கண்ணாடிக்குள்ளயா? காலேஜ் படிக்கிற புள்ளைங்க எல்லாம் பாக்குமா?"

"எல்லாரும் பாப்பாங்கம்மா."

"எங்க பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கியா?"

"படம் நல்லாத் தெரியுற மாதிரி வெச்சிருக்கேன்."

அம்மா கிழங்கின் தோலை உரித்தாள். பிறகு, "படத்துல ஒங்கப்பா கண்ண மூடியிருப்பாரு" என்றாள்.

அண்ணன் மகள் கனிஷ்கா நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். நர்சிங் சேரப்போகிறாள். எங்கள் லயத்தில் எனக்குப் பிறகு கல்லூரிக்குப் போகும் முதல் பெண். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் வாங்கிக் கொடுக்காவிட்டால் இந்த வருஷ இடம் கிடையாது. "அதெல்லாம் வந்துரும்" என்றான் அண்ணன். அவனுக்கு எல்லாம் வந்துரும்.


ஜூன் 18, புதன்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் போன்.

"மங்கா, கார்டு வேணும்."

தாலுகா ஆபீஸில் வருவாய் ஆய்வாளர், எல்லோரும் ஆர்.ஐ. என்கிறார்கள், குடும்ப அட்டையின் ஒரிஜினலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாராம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்பதால் அண்ணனிடம் சாதிச் சான்றிதழ் எதுவும் இல்லை. என் பழைய சான்றைக் காட்டியிருக்கிறான். கையால் எழுதிய அந்தக் காலத்துத் தாள். இது எதை வைத்துக் கொடுத்தது, அந்த மூலத்தைக் கொண்டுவா என்றார்களாம்.

"நான் குடுத்த கலர் ஜெராக்ஸ காட்டுனியா?"

"காட்டுனேன். அங்கதான் வந்துச்சு வெனை."

"என்ன பண்ணுன?"

"வெறும் ஜெராக்ஸ்னா மதிக்கமாட்டாங்களேன்னு லேமினேட் பண்ணிக் கொண்டுபோனேன். ரெண்டு பக்கமும். பளபளன்னு. ஆர்.ஐ. வளச்சுப் பாத்துட்டு, ஒரிஜினல லேமினேட் பண்ணிக் கெடுத்துட்டியா, இல்ல டூப்ளிகேட்ட ஒரிஜினல்னு ஏமாத்துறியான்னு சத்தம் போட்டுட்டாரு. என்னத்தச் சொல்றது? ரெண்டும் தப்புதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை.

"சிரிக்கிறியா? நம்ம ஊட்டுக் கார்டக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பொட்டில வெச்சுட்ட. இங்க எம் மவ ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடல. நாளைக்கிக் குடு. காட்டிட்டுத் திருப்பிக் குடுத்துர்றேன்."

"காப்பகத்துக்குக் குடுத்த தாள் வெளிய போகக்கூடாதுண்ணே."

"யாரு சொன்னா?"




ஜூன் 19, வியாழன்

விதிப் புத்தகத்தின் மூன்றாவது வரி: காப்பகத்தில் ஒப்படைத்த தாள், கொடுத்தவரே கேட்டாலும் கதவைத் தாண்டாது. இதை எழுதும்போது எனக்கு மேல் லயத்துக் காளிமுத்து அண்ணன்தான் நினைவில் இருந்தார். சரிபார்க்க வேண்டும் என்று அவருடைய அட்டையை ஓர் ஆபீஸில் வாங்கி வைத்தார்கள். அது எந்த மேசையிலோ போய்விட்டது. சாகும்வரை ஒவ்வொரு வாரமும் போய்க் கேட்டார். அந்த மாதிரி இந்த அறையிலிருந்து ஒரு தாள் போகக்கூடாது என்றுதான் அந்த வரி.

பேழையின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. இன்னொரு சாவியும் என்னிடம்தான்.


ஜூன் 20, வெள்ளி

பெள்ளிராஜ் இன்று விடுப்பு. மழை விட்டிருந்தது. பேழையைத் திறந்து அட்டையை எடுத்தேன். நிலையைச் சோதிக்க வேண்டும் என்றுதான்.

உறையோடு என் கைப்பைக்குள் சரியாக அடங்குகிறது.

ஒரே ஒரு நாள். சனிக்கிழமை ஆபீஸ் இல்லை. திங்கள் காலை அண்ணன் கையில் கொடுத்தால் மாலையில் திரும்பிவிடும். பேழைக்கு மேல் ஒரு துணி போட்டு மூடி, "வேலை நடக்கிறது" என்று எழுதி வைத்தால் போதும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. சில பெரிய நூலகங்களில் செய்வார்கள். அசல் வெளியே போகாது. பார்க்க வேண்டியவர் வந்து பார்த்துக்கொள்ளலாம். ஆர்.ஐ.யை இங்கே வரச் சொல்லலாம். வருவாரா என்பது ஒன்று. வந்தால் அண்ணன் வர வேண்டும். விண்ணப்பித்தவன் அவன்தானே. பெயர்ப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். பிரின்சிபால் இருப்பார், பெள்ளிராஜ் இருப்பான்.

அட்டையைத் திரும்பப் பேழையில் வைத்தேன். பூட்டினேன். பிறகு மீண்டும் திறந்து, நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். நேராகத்தான் இருந்தது.


ஜூன் 22, ஞாயிறு

மறுபடியும் தோட்டத்துக்குப் போனேன். கனிஷ்கா என்னைப் பார்த்ததும் "அத்தை" என்று எழுந்து நின்றாள், வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அண்ணன் கோபத்தில் இருந்தான், என்னோடு பேசவில்லை. லாரிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான்.

அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். "நாளைக்கி யாருக்கும் தெரியாம எடுத்துக் குடுத்துர்றேம்மா. ஒரு நாள்தானே."

"எதுக்கு யாருக்கும் தெரியாம?"

"விதி இருக்கும்மா."

"திருட்டுத்தனமா எடுக்குறதுக்கு அது என்ன அடுத்தவன் ஊட்டுக் கோழியா?" அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள். "இங்க பாரு புள்ள. கண்டியில அந்தக் கார்டுக்கு லைன்ல நின்னேன், இடுப்புல தியாகு, கையில ஒங்கக்கா. தலைமன்னார்ல கப்பலுக்கு நிக்கையில காட்டுனேன். மண்டபம் கேம்புல காட்டுனேன். ரேஷனுக்குக் காட்டுனேன், வேலைக்குக் காட்டுனேன், ஒன்னயப் பள்ளிக்கூடம் சேக்கக் காட்டுனேன். அம்பது வருஷம் அது எங்கூட நின்னுச்சு. இப்பத்தான் ஒரு எடத்துல உக்காந்திருக்கு. மறுபடி அதக் கொண்டுபோயி லைன்ல நிறுத்தாத. பாக்கணும்னா அவங்க வரட்டும்."

"வரமாட்டாங்கம்மா."

"கூப்பிட்டுப் பாத்தியா?"



அக்காவைப் பற்றி அம்மா சாதாரணமாகப் பேசுவதில்லை. இங்கே வந்த முதல் பனிக்காலத்தில் போய்விட்டாள். நான்கு வயது. அட்டையில் அவள் பெயரை அடிக்கவேண்டும் என்று அப்பா யாரிடமும் சொல்லவில்லை. சில வருடம் கழித்து நான் பிறந்தபோது அதே பெயரை எனக்கு வைத்தார்கள். அதனால் நான் பிறப்பதற்கு ஐந்து வருடத்துக்கு முன்பே அந்த அட்டையில் இருக்கிறேன்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கனிஷ்கா குடை பிடித்தபடி இறக்கம்வரை வந்தாள். "நீங்க தனியா எப்படி அத்தை முதமுதலா காலேஜுக்குப் போனீங்க?" என்று கேட்டாள். "பயந்துக்கிட்டேதான்" என்றேன். "எதுக்குப் பயம்?" என்றாள். பஸ் வந்துவிட்டது.


ஜூன் 23, திங்கள்

பிரின்சிபாலிடம் போய், "பதினான்காம் பெட்டிக் குடும்பத்துக்கு அவசரமா ஒரிஜினல் தேவைப்படுது. வெளிய அனுப்பாம, அதிகாரியை இங்க வந்து பார்க்கச் சொல்லி எழுதலாமா?" என்றேன்.

"வருவாங்களா?"

"கேட்டுப் பார்ப்போம் மேடம்."

கல்லூரி முத்திரைத் தாளில் எழுதினேன். மூன்று முறை கிழித்துப் போட்டேன். கெஞ்சல் தொனி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வந்தது இது: "மேற்படி குடும்ப அட்டையின் அசல், எங்கள் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. வேலை நாட்களில் தாங்கள் நேரில் வந்து பரிசீலிப்பதற்கான ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன." கீழே என் கையெழுத்தும் முழுப் பெயரும்.

அண்ணனே கல்லூரி வாசல்வரை வந்து கடிதத்தை வாங்கிப் போனான். உள்ளே வரச் சொன்னேன். "சேறு" என்று தன் காலைக் காட்டினான்.


ஜூன் 24, செவ்வாய்

எந்தத் தகவலும் இல்லை. மெஷின் தண்ணீரை இரண்டு முறை கொட்டினேன்.


ஜூன் 26, வியாழன்

வந்தார்!

விடியற்காலை அண்ணன் போன் செய்தான். கல்லூரிக்குக் கீழே மண்சரிவைப் பார்க்க ஆர்.ஐ. வருகிறாராம், அப்படியே எட்டிப் பார்க்கிறேன் என்றாராம். நான் தலை பின்னினேனா என்றுகூட நினைவில்லை. பத்தரை மணிக்கு ஜீப் நின்றது. முருகவேல் என்று பெயர், ஐம்பது வயது இருக்கும், மழைக்கோட்டோடு இறங்கினார். அவருக்குப் பின்னால் அண்ணன். அண்ணனுக்குப் பின்னால், பட்டுச் சேலையும் தோட்டத்து ரப்பர் செருப்புமாக, அம்மா. அம்மா வருவாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வாசலில் பெள்ளிராஜ் மறித்தான்.

"சார், பை இங்க. கை கழுவணும். பேனாவையும் இங்கயே வெச்சிருங்க."

"பேனாவா? நான் கவர்மென்ட் ஆளுப்பா. பேனா இல்லாம என்னத்தப் பண்றது?"

"உள்ள பென்சில் மட்டுந்தான் சார். கலெக்டர் வந்தாலும் பென்சில்தான். இந்த நோட்டுல பேரு, ஊரு, எதுக்கு வந்தீங்க, எல்லாம் எழுதுங்க."

ஆர்.ஐ. அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, குனிந்து எழுதினார். வாசகர் பதிவேட்டில். அண்ணன் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் அவன் அவர் முன்னால் நின்றிருக்கிறான்.

பிரின்சிபாலும் வந்துவிட்டார். நான் பேழையைத் திறந்து, உறையோடு அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். படம் மேலே. அப்பா கண்ணை மூடியிருந்தார். ஆர்.ஐ. குனிந்து முத்திரையைப் பார்த்தார், விளக்கைக் கிட்டே இழுத்தார்.

"எவ்வளவோ கார்டு பாத்திருக்கேன். பாதி கரையான், பாதி எலி. இவ்வளவு நல்ல நெலமைல ஒண்ணு பாத்ததில்ல."

"பின்ன?" என்றாள் அம்மா. அதுவரை வாசற்படியிலேயே நின்றிருந்தாள். "கூரை ஒழுகையில எல்லாம் நாங்க நனஞ்சோம். அது நனையல."

ஆர்.ஐ. திரும்பி, "உக்காருங்கம்மா" என்றார். வாசகர் நாற்காலியில், அவருக்கு எதிரே, அம்மா உட்கார்ந்தாள்.

"பேரெல்லாம் பின்னாடியா மேடம்? திருப்புங்க."

திருப்பினேன்.  

அவர் மனத்துக்குள் படிக்கத் தொடங்கினார். அம்மா விடவில்லை. "சத்தமாப் படிங்க சார். நான் கேட்டு ரொம்ப நாளாச்சு."

"சிவனாண்டி, வயது இருபத்தொம்பது. அழகம்மாள், வயது இருபத்திரெண்டு. மங்களேஸ்வரி, வயது நாலு. தியாகராஜன், வயது ஒண்ணு." பென்சிலால் தன் தாளில் அண்ணன் பெயரைக் குறித்துக்கொண்டார். பிறகு தலை நிமிர்ந்தவர் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். கடிதத்தில் பார்த்த பெயரும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "மங்களேஸ்வரி... நீங்களா மேடம் அது?"

 பிரின்சிபால் என்னைப் பார்த்தார். பெள்ளிராஜ் வாசலில் நின்று என்னைப் பார்த்தான்.

"அது எங்க அக்கா. இறந்துட்டாங்க" என்றேன். "இவங்க எங்க அம்மா. இவரு எங்க அண்ணன்."

"அது பேரத்தான் சார் இதுக்கு வெச்சோம்" என்றாள் அம்மா, பால் கணக்குப் பேசுவது போல. "புதுசா ஒரு பேரு ஏத்தணும்னா எத்தன எடத்துக்கு அலையணும்? கார்டுல பேரு இருக்கே, வீணாப் போவக் கூடாதுல்ல. இவங்கப்பாதான் சொன்னாரு."

ஆர்.ஐ. அட்டையைத் தொடப் போன விரலைத் தானே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "சரிங்கம்மா. எனக்குத் தியாகராஜன் போதும்" என்றார். அண்ணனிடம் திரும்பி, "லேமினேஷன் எல்லாம் வேணாம்யா இனிமே" என்றார். அண்ணன் தலையைச் சொறிந்தான்.

போகும்போது தன் பேனாவை வாங்க மறந்துவிட்டார். பெள்ளிராஜ் ஜீப்வரை ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். எனக்கு எதிரே நின்றான். அவன் வாயிலிருந்து வார்த்தை வராமல் நான் பார்த்தது இன்றுதான்.

"மேடம், சொந்த ஊரு துறையூர்னு..."

"துறையூர்தான் பெள்ளி. நடுவுல கொஞ்சம் கண்டிப் பக்கம் போயிட்டு வந்தோம். நாலு தலைமுறை ஆயிருச்சு."

அவன் தரையைப் பார்த்தான். "நான் அன்னிக்கிச் சொன்னது..."

"சரியாத்தான் சொன்ன. பேப்பர் பொட்டி இருந்துச்சு. அரிசியும் இருந்துச்சு, சில மாசம்."

இந்த முறை நான்தான் முதலில் சிரித்தேன்.

அம்மா கிளம்பும்முன் அறையை ஒரு சுற்று சுற்றினாள். ஒவ்வொரு பெட்டியையும் விரலால் தொட்டாள். "இதெல்லாம் யாரு யாரு ஊடு?" என்று கேட்டாள். சொன்னேன். கதவில் ஒட்டியிருந்த என் பெயர்ப் பலகையின் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். அவளுக்கு அவ்வளவு படிக்க வரும் என்று எனக்குத் தெரியாது. பிறகு அண்ணனிடம், "தூசியில்லாம வெச்சிருக்கா" என்றாள். என் பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா வரவில்லை. நான் கூப்பிடவில்லை. இன்று அவள் சொன்னது எனக்கு அதைவிடப் பெரியது.


ஜூன் 27, வெள்ளி

காய்ச்சல் மாதிரி இருந்தது. ஒன்றுமில்லை. நன்றாகத் தூங்கினேன்.


ஜூன் 30, திங்கள்

சான்றிதழ் வந்துவிட்டது. கனிஷ்கா போனில் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு "அத்தை, நான் ஹாஸ்டல் போகும்போது நீங்க வரணும்" என்றாள். பின்னால் அண்ணனின் குரல்: "கேளு, அதையும் கண்ணாடிப் பொட்டில வெக்கணுமான்னு கேளு." நர்சிங் முடித்த பிறகு கொடுத்தால் போதும் என்று சொல்லச் சொன்னேன்.

மதியம் தோட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். கீழ் லயத்துக்காரர்கள். பாலித்தீன் பைக்குள் துணி, துணிக்குள் தாள். "ஆர்.ஐ.யே இங்க வந்து பாத்தாராமே" என்றார்கள். பெள்ளிராஜ் அவர்களுக்கு நாற்காலி போட்டான். பேனா கொண்டுவந்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டான்.


ஜூலை 3, வியாழன்

நாளை கண்காட்சி. தரை கழுவியாயிற்று. வாசலில் பூ, நாற்காலிகள், ஒலிபெருக்கிச் சோதனை. மழை இல்லை, மூடுபனி மட்டும். சாமந்திப் பூவைப் பேழைமேல் வைக்கக்கூடாது என்று மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

மாலை பிரின்சிபால் வந்து பேழைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "எட்டு வருஷமா உங்களைத் தெரியும்" என்றார்.  கொஞ்சம் பொறுத்து, "கொடுத்தவங்க பெயர் இடம் இன்னும் காலியா இருக்கே. நான் எதுவும் சொல்லமாட்டேன். உங்க விருப்பம்" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்."

அவர் போனதும் குறிப்பை மீண்டும் படித்துப் பார்த்தேன். "அப்படி வந்த ஒரு குடும்பத்துக்கு." நல்ல வாக்கியம்தான். பிழை எதுவும் இல்லை. அதில் யாரும் இல்லை.

இப்போது வீட்டில் உட்கார்ந்து பேழைக்குப் புதிய குறிப்பு ஒன்றை எழுதிவிட்டேன். என் நல்ல கையெழுத்தில், கறுப்பு மையில். "சிவனாண்டி–அழகம்மாள் குடும்பத் தாள்கள். காப்பாற்றியவர்: அழகம்மாள். கொடுத்தவர்: இளைய மகள் மங்களேஸ்வரி." காப்பாற்றியவர் என்று ஓர் இடம் எங்கள் படிவத்தில் கிடையாது. நாளையிலிருந்து உண்டு.

காலையில் மெஷின் தண்ணீரைக் கொட்டியதும், பெள்ளிராஜ் வருவதற்கு முன் பேழையைத் திறப்பேன். குடும்ப அட்டையைத் திருப்பி வைப்பேன். படத்துக்கு ஒரு நகல் பக்கத்தில் இருக்கட்டும், முகத்துக்கு நகல் போதும். அசலில் பெயர்கள் மேலே இருக்க வேண்டும். நான்கு வயது மங்களேஸ்வரியின் பெயரும்.

பத்து மணிக்கு அண்ணனின் லாரி வரும். அம்மாவை முன் வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன் என்று மட்டும் அவனிடம் சொன்னேன். அட்டையைத் திருப்பப் போவதை யாரிடமும் சொல்லவில்லை.